திருச்சியில் நின்ற ஒரு மாதம்

2022 மே மாதம் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்குத் தற்காலிக வேலைக்குப் போனேன். பி.ஏ. முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பி.எட். சேர வேண்டும், அந்தக் கட்டணத்தில் ஒரு பங்காவது என் கையால் கட்ட வேண்டும் என்று ஆசை. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ராத்திரி படுக்கும் முன் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 30, சனி

மன்னார்குடியிலிருந்து திருச்சி நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் வீட்டைவிட்டு ஒரு மாதம் தங்கப் போவது எனக்கு இதுதான் முதல் தடவை. அம்மா நாலு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, மோர்மிளகாய் வறுத்துக் கட்டிக் கொடுத்தாள். அப்பா எக்ஸ்எல் வண்டியில் பேருந்து நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க வாய்க்கால் பேச்சுதான். தூர் வாரும் பொக்லைன் எங்கள் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லையாம். "தண்ணி வர்றதுக்குள்ள வாரிடணும் பாப்பா" என்றார், ஏதோ நான் போய்ச் சொன்னால் நடந்துவிடும் என்பதுபோல.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது பழகிய கதை. நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் முன்னே போகிறது, பின்னே வருகிறது, மறுபடி முன்னே போகிறது. முக்கால் மணி நேரம். பேருந்துக்குள் அனல் அடித்தது. ஜன்னலோரம் வெள்ளரிப்பிஞ்சு விற்ற பெண்ணிடம் பத்து ரூபாய்க்கு நாலு வாங்கினேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மொதத் தடவையா போற ஆயி?" என்று கேட்டு, தன் ஜன்னல் இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார். தஞ்சாவூர் வரும் வரை அவர் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். இறங்கும்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்.

துவாக்குடி தாண்டியதும் காற்றே வேறு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊர் வெயிலில் ஒரு ஈரம் இருக்கும். இங்கே அடுப்பு வாயைத் திறந்த மாதிரி வறண்டு அடிக்கிறது.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கடை. தங்கும் இடம் இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. ஒரு அறையில் பதினோரு பேர், இரண்டு குளியலறை. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மணப்பாறை, முசிறி, புதுக்கோட்டை, லால்குடி அக்கா. அன்று ராத்திரி முதல் நான் மன்னார்குடி.

மே 1, ஞாயிறு

கடைகள் தொழிலாளர் தினம் பார்ப்பதில்லை. ரம்ஜானுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது என்பதால் காலை ஒன்பதரைக்கே என்.எஸ்.பி. ரோட்டில் நடக்க இடமில்லை.

என்னைச் சாதாரணச் சேலைப் பிரிவில் லால்குடி அக்காவிடம் விட்டார்கள். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பத்தொன்பது வருஷமாக இதே தெருவில்தான் வேலை, கடை மட்டும் மூன்று மாறியிருக்கிறது. முதல் பாடம் மடிப்பது. சேலையைப் பிரித்துக் காட்டியதும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கை தானாக மடிக்க வேண்டும். முந்தி வெளியே தெரிய வேண்டும், பார்டர் ஒரு நூல்கூட விலகக் கூடாது. நான் ஒன்று மடிப்பதற்குள் அக்கா ஆறு மடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். அதைத் தவிர ராத்திரி ஒன்பதரை வரை நின்றேன். வயலில் வேலை செய்யாதவள் இல்லை நான். நாற்றுப் பறித்திருக்கிறேன், அம்மாவோடு நடவுக்கும் இறங்கியிருக்கிறேன். இடுப்பு ஒடியும். ஆனால் வரப்பில் ஏறி உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே அந்த வரப்பு இல்லை. பளபளக்கும் தரை, அதற்கு மேல் கண்ணாடிப் பெட்டி, அதற்கு மேல் கேமரா.

அறைக்கு வந்து படியேறும்போது முழங்காலுக்குக் கீழே என் கால் என்னுடையதாகவே இல்லை. முசிறிப் பெண் வாளியில் வெந்நீரும் கல் உப்பும் போட்டுக் கொடுத்தாள். வரிசையாக நாங்கள் ஐந்து பேர் சுவரோரம் உட்கார்ந்து கால் நனைத்தோம். யாரும் பேசவில்லை.

மே 2, திங்கள்

சாயங்காலம் எதிர்க்கடை பாய் எங்கள் பிரிவுக்கு ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். நோன்பின் கடைசி நாள். பூண்டும் வெந்தயமும் வாசம் அடிக்க, கொதிக்கக் கொதிக்க வந்தது. துணி மேல் சிந்திவிடக் கூடாது என்று மாடிப்படிக்குக் கீழே நின்று குடித்தோம். வருஷா வருஷம் அனுப்புவாராம். தூக்கை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று அக்கா அதில் மல்லிகைப்பூ ஒரு முழம் போட்டு அனுப்பினார், அவர் வீட்டு அம்மாவுக்கு.

மே 3, செவ்வாய்

ரம்ஜானும் அட்சய திருதியையும் ஒரே நாளில் வந்தன. நகைக்கடைகளில் வரிசை தெரு வரைக்கும் நீண்டது. எங்கள் கடையில் கூட்டம் குறைவு. கூட்டம் இருந்தால்கூட நேரம் ஓடிவிடும், ஆள் இல்லாத கடையில் நிற்பதுதான் கொடுமை என்று இன்று தெரிந்துகொண்டேன்.

மே 6, வெள்ளி

அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். ராத்திரியிலும் மொட்டைமாடித் தளம் சுடுகிறது. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி எங்கள் தெருவில் கொட்டுகிறது என்று மணப்பாறைக்காரி சொன்னாள். நான் நம்புகிறேன்.

எலுமிச்சம்பழம் ஒன்று பத்து ரூபாய். ஜூஸ் வண்டிக்காரர் ஒரு மூடியைத்தான் பிழிகிறார், இருபது ரூபாய் வாங்குகிறார், வாங்கும்போது அவரே வருத்தப்படுகிறார். தக்காளியும் ஏறிவிட்டதால் மெஸ்ஸில் ரசம் வெறும் புளித்தண்ணீர். சமைக்கும் பாட்டி கரண்டியை வைத்துக்கொண்டு, "என்னைத் திட்டாதீங்கடி, காந்தி மார்க்கெட்டைப் போய்த் திட்டுங்க" என்றார். மறுநாளே சமையல் சிலிண்டர் விலை ஆயிரத்தைத் தாண்டிவிட்ட செய்தி வந்தது. பாட்டி அன்று முழுக்கப் பேசவே இல்லை.

மே 8, ஞாயிறு

இந்த நாளை நான் மறக்க மாட்டேன். வைகாசி முகூர்த்தத்துக்குத் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணக் கும்பல் வந்தது. ஒரு வேன் நிறைய, பதினாலு பேர். பட்டுப் பிரிவில் ஆள் போதவில்லை என்று என்னையும் அக்காவையும் மேலே கூப்பிட்டார்கள்.

பட்டுப் பிரிவில் மெத்தை விரித்திருப்பார்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வந்தவர்கள் உட்காருவார்கள், நாம் நின்று பிரித்துப் போட வேண்டும். திருபுவனம் பட்டை அன்றுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர், எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் மாதிரிதான். ஆனால் அந்தச் சேலையை விசிறி மடிப்பாக மடித்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஓரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மயில் தோகை மாதிரி விரிகிறது. 2019 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பிரிவுக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களைவிட நான்தான் கவனமாகக் கேட்டேன்.

கும்பலில் ஒரு பாட்டி. எண்பது வயது இருக்கும். பட்டு எதையும் பார்க்காமல் கூறைச் சேலை இருக்கிறதா என்று கேட்டார். மாயவரம் கூறைநாட்டில் நெய்வது, பட்டும் பருத்தியும் கலந்தது, கட்டம் போட்டது. தன் கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டினாராம். எங்களிடம் இரண்டே இரண்டு இருந்தன. பாட்டி ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். துணியைக் கையால் மட்டும் பார்க்காமல் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கியே தாயீ, இப்படி என் பக்கத்துல உட்காரு" என்று மெத்தையைத் தட்டினார்.

நான் உட்காரவில்லை. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "பரவாயில்ல பாட்டி" என்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த சேலையை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மே 10, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு தவறு இன்று தெரிந்தது. சீர் கொடுக்க எடுத்த சாதாரணச் சேலைகளில் இரண்டு வழுவழுப்பில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. ஒன்றுக்குப் பில் போட்டு இரண்டைப் பையில் போட்டுவிட்டேன். இருப்பைச் சரிபார்த்தபோது ஒரு பீஸ் குறைந்தது. 480 ரூபாய். என் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஒன்றரை நாள் சம்பளம்.

மத்தியானம் மூன்று மணிக்குத் துறையூரிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். அந்தக் கும்பலில் பில் கட்டியவர். கையில் அதே சேலை. "பாட்டி எண்ணிப் பாத்துட்டுச் சொல்லிச்சு, அந்தப் புள்ள சம்பளத்துல பிடிச்சுருவாங்க, போய்க் குடுத்துட்டு வாடான்னு." இந்த வெயிலில் பேருந்து ஏறி வந்திருக்கிறார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சேலை திரும்பி வந்த பிறகும் என் கணக்கில் எழுதியதை அடிக்கவில்லை. மாத முடிவில் பார்க்கலாம் என்றார்கள். லால்குடி அக்கா நேராகப் போய்ப் பேரேட்டைத் திறக்கச் சொல்லி, அடித்து, கையெழுத்துப் போடும் வரை அந்த மேசையைவிட்டு நகரவில்லை.

மே 12, வியாழன்

பகல் விடுப்பு, மாலை ஐந்துக்குத் திரும்ப வேண்டும். முசிறிப் பெண்ணும் நானும் சத்திரம் பேருந்து நிலையத்தில் 1 ஆம் நம்பர் ஏறினோம். வெள்ளைப் பலகை, பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்த ஒரு மாதத்தில் திருச்சியில் நகரப் பேருந்துக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. இந்தத் திட்டம் இல்லையென்றால் எங்கள் அறையில் பாதிப் பேர் விடுப்பு நாளிலும் அறையைவிட்டு வெளியே வர மாட்டார்கள்.

திருவானைக்காவல் கோயிலில் உச்சிக்கால பூஜைக்குச் சரியாகப் போய்விட்டோம். அர்ச்சகர் சேலை உடுத்தி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே சுவாமி சன்னிதிக்கு நடந்து போகிறார். அம்பாள் அப்பனைப் பூஜித்த தலம் என்பதால் தினமும் இப்படி. கூட்டம் கை கூப்பி நிற்க, நான் அந்தச் சேலையின் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு நாள் வேலை என் கண்ணை அப்படி ஆக்கிவிட்டது. அதில் குற்றமில்லை என்றே நினைக்கிறேன். ஒருவர் ஒரு சேலையை அவ்வளவு பக்தியோடு உடுத்தியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இங்கே லிங்கம் அப்பு லிங்கம், கருவறையில் எப்போதும் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கு ஏங்கும் ஊரிலிருந்து வந்தவள் வேறு என்ன வேண்டிக்கொள்வேன்?

பார்த்தசாரதி விலாஸில் நெய் தோசை. 1943 முதல் நடக்கும் கடை. சின்னக் கூடம், பழைய மேசைகள், பாதி இருட்டு. தோசை ஓரம் முறுகி, நெய் விரலிடுக்கில் வழிந்தது. பரிமாறியவர் நாங்கள் தட்டை வழிப்பதைப் பார்த்து, கேட்காமலே இன்னொரு கரண்டி சட்னி ஊற்றிவிட்டுப் போனார். அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கச் சொல்லி யாரும் வரவில்லை.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் இறங்கி நடந்தோம். கீழே மணல்தான். ஓரமாக வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். இவ்வளவு அகலமான ஆறு இது என்பதே மணலைப் பார்த்தால்தான் புரிகிறது. எங்கள் ஊருக்கு வரும்போது அது பாமணியாறு, அப்புறம் வாய்க்கால், அப்புறம் எங்கள் மடை. நான் அறிந்த காவிரி ஒரு ஆள் தாண்டுகிற அகலம்தான்.

மே 16, திங்கள்

நூல் விலை ஏற்றத்தை எதிர்த்துத் திருப்பூரில் இன்றும் நாளையும் வேலைநிறுத்தம். பனியன், உள்ளாடைச் சரக்கு வரவில்லை. பருத்திச் சேலை விலைச்சீட்டுகளை மாற்றி ஒட்டச் சொன்னார்கள். 650 இருந்தது 720. ஒட்டும் வேலைக்காகக் கிடங்கில் உட்கார முடிந்தது, இரண்டு மணி நேரம்.

அங்கேதான் அந்த முக்காலிகளைப் பார்த்தேன். நாலு பிளாஸ்டிக் முக்காலிகள், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால். மேலே தூசி. "போன வருஷம் சட்டம் வந்தப்போ வாங்கினாங்க" என்றார் அக்கா. "ரெண்டு நாள் வெளிய இருந்துச்சு."

ராத்திரி போனில் தேடிப் படித்தேன். கடைகளில் வேலை செய்பவர்கள் நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கக் கூடாது, உட்கார இடம் போட்டுத் தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்று கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்கள். கேரளத்தில் 2018 இலேயே வந்துவிட்டது. அறையில் உரக்கப் படித்துக் காட்டினேன். பத்தொன்பது வருஷம் நின்ற அக்கா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கயிறு போல் கிடந்தது. புதிதாக வருகிற பெண்கள் எல்லோருக்கும் அக்கா சொல்லித் தருகிற ஒரு வித்தை உண்டு. கீழ்த் தட்டில் துணி அடுக்குவதுபோல் குந்திக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிடம், கேமராவுக்கு முதுகைக் காட்டி, கை மட்டும் துணியை எடுத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு மூன்றாம் நாளே சொல்லித் தந்தார். அது ஒரு உரிமை என்று எங்கோ எழுதி வைத்திருக்கிறது, நாங்கள் அதைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தோம்.

மே 18, புதன்

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். கை நடுங்கியது. முக்காலி கிடங்கில் இருக்கிறதே, ஆள் இல்லாத நேரத்தில் போட்டுக்கொள்ளலாமா, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. "நீ ஒரு மாசத்துல போயிடுவ" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தை என்னை ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. போகிறவள் கேட்டுவிட்டுப் போய்விடலாம், இருக்கிறவர்கள்தான் அதன் பலனைச் சுமக்க வேண்டும். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "போகப் போறவதான் கேக்க முடியும். நாங்க யாரு கேக்குறது?" என்றார் அக்கா.

மே 20, வெள்ளி

முக்காலிகள் வெளியே வந்தன. யார் சொல்லி வந்தது என்று தெரியாது. ஒரு பிரிவுக்கு ஒன்று. மூன்று மணிக்குக் கடை வெறிச்சென்று இருந்தபோது லால்குடி அக்கா உட்கார்ந்தார். முழுதாகச் சாயாமல், நுனியில், யாராவது வந்தால் எழுந்துகொள்ளும்படியாக.

மே 22, ஞாயிறு

கூட்டம். இடைஞ்சலாக இருக்கிறது என்று மூன்று முக்காலிகள் உள்ளே போய்விட்டன.

மே 24, செவ்வாய்

மத்தியானம் அப்பா போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை, பயந்துபோய்ப் படிக்கட்டுக்கு ஓடினேன். "மேட்டூர் தொறந்துட்டாங்க பாப்பா!"

ஜூன் 12 தான் வழக்கமான தேதி. அந்தத் தேதியிலேயே திறக்காத வருஷங்கள் எத்தனை! நாடு விடுதலை பெற்ற பிறகு மே மாதத்தில் திறப்பது இதுதான் முதல் தடவை. அப்பா குரலில் சந்தோஷமும் கலக்கமும் சேர்ந்தே இருந்தன. தண்ணீர் சீக்கிரம் வருகிறது, வாய்க்கால் இன்னும் வாரி முடியவில்லை. பொக்லைன் நாலு நாளைக்கு முன்தான் இறங்கியதாம். குறுவைக்கு நாற்றங்கால் இப்போதே போடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். அதுவரை விவசாயத்தில் என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. "போடுங்கப்பா" என்றேன்.

பிரிவுக்குத் திரும்பி வந்து சொன்னதும் அக்கா சேலை மடிப்பதை நிறுத்திவிட்டார். லால்குடியும் காவிரி, கொள்ளிடம் பாயும் பூமிதானே. அன்று சேலை எடுக்க வந்தவர்களில் வயல்காரர்கள் யார் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவர்கள் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மே 27, வெள்ளி

அதிகாலை ஐந்து மணிக்கு ஆறு பேர் கிளம்பிக் காவிரிப் பாலத்துக்கு நடந்தோம். சத்திரம் தாண்டும்போதே காற்றில் ஈர மண் வாசம்.

வந்திருந்தது. கரை முட்ட அல்ல, பரவலாக, மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு, கலங்கல் நிறத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் எங்களுக்கு முன்பே ஐம்பது அறுபது பேர் சாய்ந்து நின்றார்கள். பைக்கை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார் ஒருவர். ஒரு டீக்கடைக்காரர் சைக்கிளில் கேனோடு வந்துவிட்டார், டீ பத்து ரூபாய். புதுக்கோட்டைப் பெண், "எங்க ஊருக்கு இது வராதுல்ல?" என்று கேட்டாள். அவள் ஊர் மானாவாரி, கண்மாய் நம்பிய ஊர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றே கல்லணையையும் திறந்துவிட்டார்கள். அங்கேதான் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாற்றில் இறங்கி நீடாமங்கலம் பக்கம் வந்து, அங்கிருந்து பாமணியாறாகப் பிரிவதுதான் எங்களுடையது. நான் ஒரு மாதம் முன்பு வந்த வழியில் அது திரும்பிப் போகிறது. எனக்கு இன்னும் நாலு நாள் வேலை இருந்தது.

மே 31, செவ்வாய்

சம்பளம் ஒன்பதாயிரம். சீருடைச் சேலைக்கு 650 பிடித்துக்கொண்டு 8,350 கொடுத்தார்கள். சீருடைக்குக் காசு பிடிப்பதை வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கட்டம் போட்ட பருத்திச் சேலை ஒன்று எடுத்தேன், ஊழியர் விலையில் 590. அப்பாவுக்கு இரண்டு துண்டு. மணப்பாறைக்காரி தன் ஊர் முறுக்கு ஒரு பொட்டலம் கட்டித் தந்தாள்.

ஒரு மாதம் மலைக்கோட்டையின் காலடியில் கிடந்தும் மேலே ஏறியதில்லை. காலையில் ஏறினேன். நானூறுக்கும் மேல் படி. நின்று நின்று மரத்த கால் படிக்கட்டில் எப்படியோ தேறிக்கொண்டது. உச்சிப் பிள்ளையாரிடமிருந்து பார்த்தால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், எல்லாம் தெரிகிறது. காவிரியில் வெயில் பட்டுத் தகதகத்தது.

கிளம்பும்போது அக்கா என்னைப் பாவாடைத் தட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஒரு முக்காலி, மேலே பழைய துண்டு போட்டு மூடியிருந்தது. "ஒண்ணை மட்டும் உள்ள விடல. நான் இருக்கற வரைக்கும் இது இங்கதான்" என்றார்.

ஜூன் 1, புதன்

நீடாமங்கலம் கேட் இன்று திறந்தே இருந்தது. வெண்ணாற்றில் தண்ணீர். ஓட்டுநரே வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். மன்னார்குடியில் இறங்கினால் அப்பா வண்டியோடு நிற்கிறார், முழங்கால் வரை சேறு. அம்மா வீட்டு வாசலிலேயே என் காலைத்தான் முதலில் பார்த்தாள். "நாங்க குனிஞ்சே கெடக்கோம், நீ நின்னே கெடந்துருக்க" என்று நல்லெண்ணெய் தடவிவிட்டாள்.

எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. பொக்லைன் இன்னும் அரைக் கிலோமீட்டர் வார வேண்டும், அதனால் தலைப்பில் பலகை போட்டு அடைத்திருக்கிறார்கள்.

ஜூன் 5, ஞாயிறு

ராத்திரி ஒன்பதரை. கடை மூடும் நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தெருவில் யாரோ கத்தினார்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு அப்பா, அம்மா, நான் மூவரும் ஓடினோம். முதலில் தண்ணீர் தெரியவில்லை. சருகும் வைக்கோலும் நுரையும் உருண்டு வந்தன, வெடிப்புகளுக்குள் உறிஞ்சும் சத்தம் கேட்டது, அப்புறம்தான் தண்ணீர். தவளைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது, உடனே ஆரம்பித்துவிட்டன.

"திருச்சியில நீ பாத்தது இதுதானா பாப்பா?" என்றார் அப்பா.

நான் விரல் விட்டு எண்ணினேன். பாலத்தில் பார்த்து ஒன்பது நாள். அம்மா புதுச்சேலையை மடித்துச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். நான் வரப்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டேன்.